அச்சு மாறினால் அர்த்தம் மாறலாமா?

(காட்டாங்குளத்தூரில் நம் கல்லூரி அரங்கில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் என்னிடம், "உங்க வேலையைப் பத்தியே பேசுங்க, ஆனா யாருக்கும் தூக்கம் வராம பேசுங்க" என்றார். பிரியாணிக்குப் பிறகு என்னைப் பேச விட்டு இப்படியொரு நிபந்தனையும் போடுவது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

நான் இங்கே படித்தது மெக்கானிக்கல். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வண்டியில் தொங்கிக் கொண்டு வந்து முதல் வகுப்பைத் தவறவிட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் இருபது வருடங்களுக்கு மேலாக நான் செய்து வருவது புத்தக வேலை. இயந்திரங்களுக்கான பராமரிப்புக் கையேடுகள் இருக்கின்றன அல்லவா, ஐந்நூறு பக்கம், ஆயிரம் பக்கம் என்று தலையணை மாதிரி இருக்கும், அவற்றைப் பழைய அச்சுக்கோப்பு முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்றுவது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: "இஞ்சினியரிங் படிச்சிட்டு டைப் அடிக்கிறியாப்பா?" நானும் சிரித்துவிட்டு அடுத்த பந்திக்கு நகர்ந்து விடுவேன். அவர்களுக்குச் சொல்லாத பதிலை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 'சிம்பல்' என்று ஓர் எழுத்துரு உண்டு. கிரேக்க எழுத்துகளும் கணிதக் குறிகளும் அதில் இருக்கும். முன்பெல்லாம் மின்தடைக்கு ஓம் குறி வேண்டுமென்றால் ஆங்கில டபிள்யூ எழுத்தை அடிப்போம், பிறகு அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் எழுத்துருவைச் சிம்பல் என்று மாற்றுவோம். திரையில் ஓம் தெரியும், காகிதத்திலும் ஓம் வரும். ஆனால் கோப்புக்குள்ளே உட்கார்ந்திருப்பது டபிள்யூதான். இந்தக் கோப்பை வேறொரு முறைக்கு மாற்றும்போது, எழுத்துரு பற்றிய தகவல் வழியில் எங்காவது உதிர்ந்து போனால் என்ன ஆகும்? 10 ஓம் தடை 10 வாட் தடை ஆகிவிடும். எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் சிரிக்கிறீர்கள். இன்னொன்று கேளுங்கள். அதே எழுத்துருவில் மைக்ரோவைக் குறிக்கும் 'மியூ', ஆங்கில எம் எழுத்தின் இடத்தில் இருக்கிறது. எழுத்துரு உதிர்ந்தால் 5 மைக்ரோகிராம் 5 மில்லிகிராம் ஆகும். மருந்துக் கையேடாக இருந்தால் ஆயிரம் மடங்கு. அதேபோல் 10-க்கு மேலே சின்னதாக ஏறி உட்கார்ந்திருக்கும் 6 கீழே இறங்கிவிட்டால், பத்து லட்சம் வெறும் 106 ஆகிவிடும்.

சாதாரண எழுத்துப் பிழை என்றால் கண்ணில் உறுத்தும். 'பராமரிப்பு' என்பது 'பரமாரிப்பு' என்று வந்தால் படிக்கிறவன் தானே திருத்திக் கொள்வான். 10 வாட் என்பது பிழை மாதிரியே தெரியாது. சுத்தமாக உடுத்தி, தலை வாரி, நல்ல பிள்ளையாக நிற்கும். எங்கள் தொழிலில் நாங்கள் பயப்படுவது இதற்குத்தான்.

அடிப்படைச் சிக்கல் இதுதான். பழைய முறைகளில் பல, ஒரு பக்கம் 'எப்படித் தெரிகிறது' என்பதை மட்டுமே பதிவு செய்து வைத்தன. புதிய முறை 'இது என்ன' என்று கேட்கிறது. அறுநூறு பக்கக் கையேட்டில் கனத்த எழுத்தில் ஒரு சொல் இருந்தால் அது எச்சரிக்கையாக இருக்கலாம், உதிரிபாகத்தின் பெயராக இருக்கலாம், உட்தலைப்பாக இருக்கலாம். தட்டச்சு செய்தவருக்கு அன்றைக்கு அப்படித் தோன்றியது என்பதாகவும் இருக்கலாம். பழைய முறைக்கு நான்கும் ஒன்றே. புதிய முறையில் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் போட வேண்டும். அதைச் சொல்வது யார்? எழுதியவர் பணி ஓய்வு பெற்றிருப்பார். சிலர் காலமாகியிருப்பார்கள். நிரல் எழுதி மாற்றலாம், மாற்றுகிறோம். பெரும்பகுதியை அது ஒரு ராத்திரியில் மாற்றிக் கொடுத்துவிடும். மீதியை, விஷயம் தெரிந்த ஓர் ஆள் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். அந்த மீதிக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இந்த இடத்தில் ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கம்ப்யூட்டர் துறைக்காரர்களுக்கு டொனால்டு கனூத் பெயர் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். கணினி நிரலாக்கக் கலை பற்றி ஏழு தொகுதிகள் எழுதத் திட்டமிட்டவர். முதல் தொகுதி 1968-இல் வந்தது, இரண்டாவது 1969-இல், மூன்றாவது 1973-இல். பக்கத்துக்குப் பக்கம் சூத்திரங்கள். அவை மோனோடைப் முறையில் அச்சாயின. அதாவது காய்ச்சிய ஈயத்தில் ஒவ்வோர் எழுத்தாக வார்த்து, கணிதக் குறிகளைத் தேர்ந்த தொழிலாளி கையால் அடுக்கிச் செய்த வேலை. 1970-களில் அந்தத் தொழில் நசிந்து ஒளியச்சு முறை வந்தது. செலவு குறைவு என்று எல்லோரும் அதற்கு மாறினார்கள். இரண்டாம் தொகுதியின் இரண்டாம் பதிப்புக்கான கேலி புரூப், 1977 மார்ச் மாதக் கடைசியில் அவர் கைக்கு வந்தது. பார்த்தவருக்கு மனசே விட்டுப் போயிற்று. எழுத்துகள் பார்க்கச் சகிக்கவில்லை. தன் புத்தகத்தை இந்தக் கோலத்தில் வெளியே விடுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

நாமாக இருந்தால் பதிப்பாளருக்கு ஒரு கோபக் கடிதம் எழுதியிருப்போம். அவர் என்ன செய்தார் தெரியுமா? சிறிது காலம் முன்புதான், கணினி கொண்டு நுண்ணிய புள்ளிகளாக அச்சிடப்பட்ட வேறொரு புத்தகத்தின் புரூப்பைப் பார்த்திருந்தார். ஓரிடத்தில் மை இருக்கிறது அல்லது இல்லை, ஒன்று அல்லது பூஜ்யம். 'இது நம்ம தொழிலாச்சே' என்று தோன்றிவிட்டது. பாதியில் இருந்த புத்தகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அச்சுக்கோப்புக்கென்றே ஒரு நிரலை எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். எழுதும்போது கடைசி எழுத்து எக்ஸ் மாதிரி இருக்கும். அது கிரேக்க எழுத்து, அதனால் 'டெக்ஸ்' என்று சொல்லக் கூடாது என்பது அவர் கட்டளை. நம் ஊரில் பாதிப் பேர் இன்னும் டெக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அவசரத்தில் அப்படித்தான் சொல்வேன்.

ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். ஏறக்குறைய பத்து வருடம் பிடித்தது. எழுத்துகளை வடிவமைக்க மெட்டாஃபாண்ட் என்று இன்னொரு நிரல் எழுத வேண்டியதாயிற்று. இரண்டாம் தொகுதி 1981-இல் டெக் முறையில் வெளிவந்தது. அப்போதும் அவருக்கு எழுத்துகளின் வடிவத்தில் திருப்தி இல்லை, திரும்பவும் வரைந்தார். முதல் தொகுதி முழுவதும் டெக்கில் ஏறி, மூன்றாம் பதிப்பாக வெளிவந்தது 1997-இல். புரூப்பைப் பார்த்து மனம் நொந்த நாளிலிருந்து எண்ணினால் இருபது வருடம்! நான்காம் தொகுதியின் முதல் பகுதி 2011-இல் வந்தது, இரண்டாம் பகுதி 2022-இல். அவர் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்தால் 2008 வரை 2 டாலர் 56 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பி வந்தார். பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்கள்.

அந்த நிரலில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். சாதாரண முறைகள் ஒரு வரியை நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். டெக் அப்படிச் செய்யாது. பத்தி முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எந்தெந்த இடத்தில் வரியை ஒடித்தால் மொத்தத்தில் இடைவெளி சீராக இருக்கும் என்று கணக்கிட்டு ஒடிக்கும். அனுபவம் உள்ள கம்பாசிட்டர் கண்ணால் செய்ததை அது கணக்கால் செய்கிறது. அந்தக் காலத்துக் கம்பாசிட்டர்களின் கைக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை என்பது என் கருத்து.

கனூத் கதையில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எழுதியவரே மாற்றினார், எது என்ன என்று அவருக்குத் தெரியும். எழுதியவர்கள் இல்லாத இடத்தில்? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினிக்குக் கொண்டு வரும் வேலை 1984-இல் தொடங்கியது. சுமார் 35 கோடி எழுத்துகள். நூற்றிருபதுக்கு மேற்பட்ட தட்டச்சாளர்கள் உட்கார்ந்து அடித்தார்கள். வெறும் எழுத்தை மட்டும் அடித்தால் போதாது. அகராதியில் சாய்ந்த எழுத்து ஓரிடத்தில் மேற்கோள் நூலின் பெயர், இன்னோரிடத்தில் வேற்றுமொழிச் சொல். தலைச்சொல், பொருள், தேதி, மேற்கோள் என்று பிரித்தறியும்படி குறியீடு போட்டுக் கொண்டே போக வேண்டும். 1989-இல் இருபது தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அன்று போட்ட அந்தக் குறிகள் இல்லையென்றால் பின்னால் குறுந்தகட்டிலும் இணையத்திலும் அது அத்தனை சுலபமாக ஏறியிருக்காது.

இதற்கு நேர் எதிரான ஒன்று, தம்பி தங்கைகளுக்குப் பழக்கமான பைத்தான். அந்த மொழியின் கையேடுகள் 2007 வரை, டெக்கின் மேல் கட்டப்பட்ட லேட்டெக் முறையில் இருந்தன. கியார்க் பிராண்டல் என்ற இளைஞர் ஒரு மாற்று நிரல் எழுதி, அத்தனையையும் எளிய உரைக்குறி முறைக்குக் கொண்டு வந்தார். அந்த முயற்சியிலிருந்து ஸ்ஃபிங்ஸ் என்ற கருவி 2008-இல் பிறந்தது. லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களும் 2016-இல் அதற்கு மாறத் தொடங்கின. அங்கே எப்படி அவ்வளவு சீக்கிரம் முடிந்தது? ஆரம்பத்தில் எழுதியவர்கள் 'கனத்த எழுத்து' என்று போடவில்லை. 'இது ஒரு செயற்கூறின் பெயர்', 'இது ஒரு எச்சரிக்கை' என்று குறித்து வைத்திருந்தார்கள். பின்னால் வருபவனுக்குப் பாதி வேலை மிச்சம். புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும் மாணவர்கள், தலைப்பைக் கையால் பெரிதாக்கிக் கனமாக்காமல் 'இது தலைப்பு' என்று சொல்லப் பழகுங்கள். படம் 4.7 பார்க்க என்று எண்ணைக் கையால் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு படம் போனால் பின்னால் உள்ள எண்ணெல்லாம் பொய்யாகிவிடும். பழைய கையேடுகளில், எந்தக் காலத்திலோ நீக்கிவிட்ட படத்தைப் பார்க்கச் சொல்லும் வரிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நிறைய இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியாகும் அறிவியல் ஆய்விதழ்களிலும் பாடநூல்களிலும் கணிசமானவை பக்கங்களாக உருப்பெறுவது சென்னையிலும் புதுச்சேரியிலும்தான். லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒரு பேராசிரியர் எழுதும் கட்டுரை, பல்லாவரத்திலிருந்தோ கூடுவாஞ்சேரியிலிருந்தோ மின்சார ரயில் பிடித்து வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கைப்பட்டுத்தான் இதழாகிறது. புத்தகத்தில் அவர் பெயர் இருக்காது. சூத்திரத்தில் ஒரு அடைப்புக்குறி மூடவில்லை என்று கண்டுபிடித்து, 'ஆசிரியர் கவனிக்க' என்று ஒரு கேள்வி எழுதி அனுப்புவதும் அவர்தான். 'டைப் அடிக்கிற வேலை' என்று நாம் சொல்வது இவர்களைத்தான். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். உள்ளபடியே நான் பேச வந்தது இதைத்தான்.

கணினியில் தமிழ் வந்த காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு தனிக் குடித்தனம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கோப்புக்குள்ளே இருப்பது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு கூடவே இருக்கும் வரை தமிழ். அது இல்லாத கணினியில் திறந்தால் பேய் பிடித்த ஆங்கிலம். ஓம் வாட் ஆன கதையேதான், ஆனால் புத்தகம் முழுவதுக்கும். இணையத்தில் கடிதம் பரிமாறிக் கொண்ட தமிழர்கள் கூடிப் பேசித் 'தஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை உண்டாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியீடுகளையும் ஏற்றது. இதற்கெல்லாம் முன்பே, 1991-இலேயே, யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் அது நம் மேசைக் கணினிகளில் ஒழுங்காகத் தெரிய இன்னும் பல வருடங்கள் ஆயின. 2010-இல் அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது.

மாற்றுவதில் என்ன கஷ்டம்? 'கொ' என்ற எழுத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டர் முதலில் கொம்பை எடுப்பார், பிறகு ககரம், பிறகு கால். கை போகும் வரிசை. பழைய எழுத்துருக்களும் தஸ்கியும் அந்த வரிசையிலேயே சேமித்தன. யூனிகோடோ காது கேட்கும் வரிசையில் சேமிக்கிறது. முதலில் ககரம், அதன் மேல் ஒகரம். ஆகவே மாற்றும் நிரல் ஒவ்வொரு கொம்பையும் பிடித்து, அடுத்த எழுத்தைத் தாண்டிக் கொண்டு போய் விட வேண்டும். இதை நிரல் ஒழுங்காகவே செய்துவிடும்.

செய்ய முடியாதது ஔகாரம். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்தின் வால் பகுதிக்கென்று தனி எழுத்து கிடையாது. ளகரத்தையே போட்டு ஒப்பேற்றினார்கள். 'கௌரி' என்று எழுத கொம்பு, ககரம், ளகரம். மாற்றினால் 'கெளரி' என்று வந்து நிற்கும். ஔவையார், 'ஒளவையார்' ஆகிவிடுவார். இன்றைக்கும் இணையத்தில் தேடிப் பாருங்கள், பாதி ஔவையார்கள் ளகரத்தோடுதான் உலவுகிறார்கள். சரி, எல்லாவற்றையும் ஔவாக மாற்று என்று நிரலுக்குச் சொன்னால், 'ஒளி'யைப் பிடித்துக் கெடுத்துவிடும். அதற்கும் ஒரு விதி போடலாம். ளகரத்தின் மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே, வெறும் ளகரமாக இருந்தால் மாற்று. ஒளி பிழைத்தது, வெள்ளம் பிழைத்தது, கெளுத்தி மீன் பிழைத்தது. கட்டுரை, கையேடு, அரசாணை என்றால் இந்த விதி நன்றாகவே ஓடும். ஆனால் பேச்சுத் தமிழ் வந்தால் போச்சு. கதையில் ஒரு பாட்டி 'வெளக்கை ஏத்துடி' என்பாள், நிரல் அதை 'வௌக்கை' என்று ஆக்கும். 'ஒளறாதே' என்பது 'ஔறாதே' ஆகும். இதற்கு விதி எழுதிப் பயனில்லை. தமிழ் தெரிந்தவர் ஒருவர் படிக்க வேண்டும்.

இன்னொன்று இன்னும் நுட்பமானது. ரகர மெய்யை எழுதும்போது கீழே உள்ள சாய்கோட்டை விட்டுவிட்டு, காலுக்கு மேல் புள்ளி வைத்தாற்போல எழுதும் வழக்கம் உண்டு. தட்டச்சில் பழகியவர்கள் ரகரத்துக்குப் பதில் காலை அடித்து அதன் மேல் புள்ளி வைத்தார்கள். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. மாற்றிய பிறகு அது 'அவர்' ஆகாமல் 'அவா்' ஆகிறது. இரண்டையும் உற்றுப் பாருங்கள், பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். ஆயிரம் பக்கக் கையேட்டில் 'மோட்டார்' என்று தேடினால், 'இல்லை' என்று பதில் வரும். பக்கத்துக்குப் பக்கம் மோட்டார் இருக்கும். கையேடு என்பது கதைப் புத்தகம் போல முதலிலிருந்து படிக்கிற பொருள் அல்லவே. இயந்திரம் நின்று போன நேரத்தில் தேடி எடுக்கிற பொருள். தேடி அகப்படாத வரி, எழுதாத வரிக்குச் சமம்.

இந்தச் சள்ளையை எல்லாம் சம்பளம் வாங்காமல் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள், அலுவலகம் முடிந்து வந்து, திருக்குறள் தொடங்கித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். இணைமதி எழுத்துருவில் ஆரம்பித்து, 1999-இல் தஸ்கிக்கு மாறி, 2004 முதல் யூனிகோடுக்கு மாறினார்கள். ஆறே வருடத்தில் இரண்டு தடவை வீடு மாற்றிய குடும்பம். சாமான் ஒன்றும் தொலையாமல் கொண்டு வந்து சேர்த்தார்கள் என்றால், ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்க ஆள் இருந்ததுதான் காரணம்.

இனி, நடைமுறையில் நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று கொஞ்சம். அந்தக் காலத்து அச்சகங்களில் காப்பி ஹோல்டர் என்று ஒருவர் இருப்பார். மூலப் பிரதியை அவர் உரக்கப் படிக்க, மெய்ப்புத் திருத்துபவர் புரூப்பில் விரல் வைத்துக் கொண்டே வருவார். கமா, புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார்கள். எத்தனையோ மென்பொருள் வந்த பிறகும், அட்டவணைகளையும் அளவுகளையும் சரிபார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி கிடையாது. கண் பழகிய இடத்தில் தூங்கிவிடும், காது அவ்வளவு சுலபத்தில் தூங்காது. 'பத்து ஓம்' என்று ஒருவர் படித்து, இன்னொருவர் திரையில் வாட்டைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அதனிடம் கொடுத்தால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கொடுக்கிறோம். நன்றாகவே உதவுகிறது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் அழகாக இட்டு நிரப்பும் குணம் அதற்கு உண்டு. கதையில் அது பரவாயில்லை, டார்க் அட்டவணையில் கூடாது.

எது மூலம் என்பதும் பெரிய கேள்வி. கோப்பில் ஒன்று இருக்கும், அச்சிட்ட புத்தகத்தில் வேறொன்று இருக்கும், பின்னால் ஒட்டிய பிழைதிருத்தத் தாளில் மூன்றாவது இருக்கும். ஒரு தொழிற்சாலையின் கையேட்டை மாற்றும்போது, அச்சுப் பிரதியில் ஒரு போல்ட்டுக்கான முறுக்கு அளவு பொருந்தாத மாதிரி தெரிந்தது. அந்த அளவு போல்ட்டுக்கு அது அதிகம் என்று மெக்கானிக்கல் படித்த மூளை சொல்லியது. நேரே பட்டறைக்குப் போய், அங்கே பயன்படுத்தும் பிரதியைக் கேட்டேன். கிரீஸ் படிந்து, அட்டை போய், நூல் கட்டிய பிரதி. அந்த இடத்தில் அச்செண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் பென்சிலில் வேறு எண். ஃபோர்மேன் சொன்னார்: "அதுல அச்சடிச்சிருக்கறத யாரும் பாக்கறதில்ல சார். பென்சில்ல எழுதியிருக்கறதத்தான் பாப்போம். எங்க மேஸ்திரி காலத்துல எழுதினது." அந்த ஒரு பிரதியில் இப்படி நாற்பதுக்கு மேல் பென்சில் திருத்தங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் வடிவமைப்புப் பிரிவுக்கு அனுப்பிக் கேட்டோம். பெரும்பாலானவை சரி என்று பதில் வந்தது. சில தவறு, நல்ல வேளையாக அவையும் தெரிய வந்தன. அலுவலக அலமாரியில் இருந்த பளபளப்பான பிரதியை மட்டும் வைத்து மாற்றியிருந்தால், பென்சிலில் இருந்த அனுபவம் எல்லாம் பழைய காகிதக்காரருக்கு எடைக்குப் போயிருக்கும்.

நம் சங்கத்துக்கும் இப்படி ஒரு வேலை காத்திருக்கிறது. தொண்ணூறுகளில் நாம் வெளியிட்ட ஆண்டு மலர்கள் தாம்பரத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் பேஜ்மேக்கரில் செய்தவை. அந்தக் கடை இப்போது இல்லை. ஃபிளாப்பிகள் சிலவற்றைச் செயலாளர் பத்திரமாக வைத்திருக்கிறார், இரண்டைத் திறக்கவும் முடிந்தது. உள்ளே இருப்பது அந்தக் கடைக்காரர் வைத்திருந்த ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு. எழுத்துரு கிடைக்கவில்லை. ஆனால் அச்சிட்ட மலர் கையில் இருந்தால், கோப்பில் உள்ள எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டுவிடலாம். ஒரு மலருக்குப் போட்டால் போதும், அதே கடையில் செய்த மற்றவற்றுக்கும் அது உதவும். நிரல் எழுதக் கம்ப்யூட்டர் துறை மாணவர்கள் நான்கு பேர் முன்வந்திருக்கிறார்கள். எனக்குத் தேவை, ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க என்று ஜோடி ஜோடியாக மெய்ப்புப் பார்க்கும் ஆட்கள். ஓய்வு பெற்ற நம் ஆசிரியர்கள் வந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். அந்த மலர்களில் அவர்கள் எழுதிய கட்டுரைகளும் இருக்கின்றன. இன்று நம்மிடையே இல்லாத இருவர் எழுதியவையும் இருக்கின்றன. ஔவையாரை ளகரத்தோடு விட்டாலாவது பரவாயில்லை, நம் ஆசிரியர்களின் பெயரைத் தப்பாக அச்சிட மனசு வராது.

சங்கத்தில் ஒரு பிரதிகூட இல்லாத மலர்கள் மூன்று. வெளியே, தேநீர் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் எந்த ஆண்டு மலர் இருக்கிறது என்று, பெயரும் படித்த வருடமும் சேர்த்து அதில் எழுதிவிட்டுப் போங்கள். மலரில் யாராவது பேனாவால் கிறுக்கியிருந்தால் அழிக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள்.